விநோத உணவுச் சேர்க்கைகளும் உண்ணும்போது நேரும் விபத்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதை எதோடு சேர்த்துச் சாப்பிடலாம், எதைச் சேர்க்கவே கூடாது, தொண்டையில் ஏதேனும் சிக்கினால் என்ன செய்வது என்ற கேள்விகள் பல ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மக்கள் அஞ்சும் சேர்க்கைகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதையும், யாரும் அஞ்சாத சில சேர்க்கைகள் உண்மையிலேயே ஆபத்தானவை என்பதையும் இவ்விடைகளில் காணலாம்.

பழத்தின்மீது உப்புத் தூவினால் இனிப்பு கூடுவது ஏன்?

உப்பு இனிப்பைக் கூட்டுவதில்லை, கசப்பை அடக்குகிறது. பெரும்பாலான பழங்களில் இனிப்புக்கும் புளிப்புக்கும் அடியில், நாம் தனியாகப் பிரித்து உணராத மெல்லிய கசப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. சோடியம் அந்தக் கசப்பை நாக்கு உணர்வதைத் தடுக்கிறது. கசப்பு விலகியதும் அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், யூரியாவின் கசப்பும் சர்க்கரையின் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பு ஒன்றைச் சேர்த்தபோது, கசப்பு குறைந்து இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுமாராக இனிக்கும் தர்பூசணித் துண்டு ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் மட்டும் இரு விரல்களால் எடுத்த சிட்டிகை உப்பைத் தூவி, அது கரைந்து பழத்தின் மேற்பரப்பு ஈரமாகும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து, பிறகு இரண்டையும் மாறி மாறிச் சுவைத்தால் வேறுபாடு தெளிவாகப் புரியும். உப்புக் கரிப்பு நாக்கில் தெரிந்துவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

சாக்லேட்டில் மிளகாய், ஐஸ்கிரீமில் உருளைக்கிழங்கு வறுவல், பீட்சாவில் அன்னாசி போன்றவற்றைச் சிலர் இவ்வளவு விரும்புவது எதனால்?

இதற்குக் காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. முதலாவது, நம் நாக்கும் மூக்கும் ஒரே சுவையில் விரைவில் சலித்துப்போகின்றன. இனிப்பில் முதல் கரண்டி தரும் மகிழ்ச்சியை எட்டாவது கரண்டி தருவதில்லை. இடையில் உப்பும் மொறுமொறுப்பும் கொண்ட வறுவல் ஒன்று வந்தால், அடுத்த கரண்டி மீண்டும் முதல் கரண்டியைப் போல ஆகிவிடுகிறது. குளிர்ச்சிக்கு எதிரே சூடு, குழைவுக்கு எதிரே மொறுமொறுப்பு, கொழுப்புக்கு எதிரே புளிப்பு என்று எதிரெதிர் தன்மைகள் சேரும் இடங்களில் எல்லாம் இதுதான் நடக்கிறது.

இரண்டாவது காரணம் மணம். பொருத்தமே இல்லாதவையாகத் தோன்றும் இரண்டு பொருள்களில் ஒரே வகையான மணச் சேர்மங்கள் இருக்கக்கூடும். சாக்லேட்டுக்கும் நீலப் பூசணம் பிடித்த பாலாடைக்கட்டிக்கும் இடையே அத்தகைய ஒற்றுமை உண்டு. ஆனால் மணச் சேர்மங்கள் ஒத்துப்போனால்தான் சுவைக்கும் என்று விதி வகுத்துவிட முடியாது. பல்லாயிரம் சமையல் குறிப்புகளை அலசி 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, மேற்கத்தியச் சமையலில் ஒத்த மணமுள்ள பொருள்கள் ஒன்று சேர்வதையும், கிழக்காசியச் சமையலில் அவை பெரும்பாலும் தவிர்க்கப்படுவதையும் கண்டது. அன்னாசிப் பழம் போட்ட பீட்சா 1962-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், சாம் பனோபோலஸ் என்பவருடைய உணவகத்தில் பிறந்தது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், புளிப்பும் இனிப்பும் உள்ள பழமும் உப்பும் கொழுப்பும் உள்ள பாலாடைக்கட்டியும் நன்றாகவே பொருந்துகின்றன என்றுதான் சொல்வேன்.

பல் துலக்கியவுடன் ஆரஞ்சுச் சாறு குடித்தால் வாய் கசந்துபோவது ஏன்?

பெரும்பாலான பற்பசைகளில் நுரை வருவதற்காகச் சோடியம் லாரில் சல்பேட் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. அது நாக்கின் இனிப்பு உணர்வைச் சற்று நேரம் மழுங்கடித்து, கசப்பு உணர்வைத் தூண்டிவிடுகிறது. அரைமணி நேரத்தில் நாக்கு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் 'அதிசயப் பழம்' என்னும் சிறு சிவப்புப் பழத்தில் உள்ள மிராக்குலின் என்ற புரதம், இனிப்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, புளிப்பு வந்தவுடன் அவற்றை இயக்குகிறது. அதைச் சப்பிய பிறகு எலுமிச்சைத் துண்டைக் கடித்தால் அது சர்க்கரைப் பாகைப் போல இனிக்கும். ஆனால் வயிற்றுக்குள் இறங்குவது எலுமிச்சையின் அமிலம்தான் என்பதால், இனிக்கிறதே என்று தட்டுத் தட்டாகத் தின்றால் பல்லும் வயிறும் பாடுபடும்.

மீனும் பாலும் சேர்த்து உண்டால் தோலில் வெண்புள்ளி வரும் என்பது உண்மையா?

இல்லை. வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தாக்கி அழிப்பதால் வருவது. மீனோ பாலோ அதற்குக் காரணம் அல்ல. இந்த நம்பிக்கையால் வெண்புள்ளி உள்ளவர்கள்மீது 'எதையோ தின்று வரவழைத்துக்கொண்டார்கள்' என்ற பழி விழுவதைப் பலமுறை கண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மீனுக்கோ பாலுக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பொருளைத் தவிர்க்க வேண்டும். சேர்க்கையைப் பொறுத்தவரை வேறு தடை ஏதுமில்லை.

பாலும் புளிப்புப் பழமும் சேர்ந்தால் வயிற்றில் திரிந்துவிடாதா?

கட்டாயம் திரியும். பழமே இல்லாமல் வெறும் பாலைக் குடித்தாலும் அது வயிற்றில் திரியத்தான் செய்யும். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம், அமிலத்தன்மை பிஎச் 4.6 அளவை நெருங்கும்போது திரள்கிறது. இரைப்பையின் அமிலம் அதைவிட மிகவும் கடுமையானது. அவ்வாறு திரள்வது செரிமானத்தின் ஒரு படி என்பதால் இதில் கவலைப்பட ஏதுமில்லை.

வேகவைக்காத அன்னாசியின் கதை சற்று வேறு. அதிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி புரதத்தைச் சிதைப்பது. பாலோடு அரைத்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்புத் தட்டிவிடும். ஜெலட்டினில் போட்டால் ஜெல்லி உறையவே உறையாது. அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு அரித்து எரிவதற்கும் இந்த நொதி ஒரு காரணம். பழத்தை வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும் என்பதால் டப்பாவில் அடைத்த அன்னாசியில் இந்தத் தொல்லைகள் இல்லை.

அப்படியானால் எந்தச் சேர்க்கைக்குத்தான் அஞ்ச வேண்டும்?

உணவோடு உணவு சேர்வதைவிட, உணவோடு மருந்து சேர்வதற்கே அஞ்ச வேண்டும். மாத்திரையை எதைக் குடித்து விழுங்கினோம் என்பதைப் பெரும்பாலோர் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை.

இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு, பம்பளிமாஸுக்கு நெருங்கிய உறவான கிரேப்ஃப்ரூட். 1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஒரு இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மதுவின் சுவை தெரியாமல் இருப்பதற்காக அதைக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மருந்து இரத்தத்தில் இருந்தது. காரணம் மது அல்ல, சுவையை மறைக்கச் சேர்த்த சாறுதான் என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பழத்திலுள்ள சில சேர்மங்கள், மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதி ஒன்றை முடக்கிவிடுகின்றன. நொதி மீண்டும் உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், காலையில் சாறும் இரவில் மாத்திரையுமாகப் பிரித்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை இதனால் பாதிக்கப்படுபவை.

இன்னும் சில உண்டு. மாவோ (MAO) தடுப்பான் வகையைச் சேர்ந்த மனச்சோர்வு மருந்தை உட்கொள்பவர், நாள்பட்டுப் பதமான பாலாடைக்கட்டியை உண்டால், அதிலுள்ள டைரமின் என்னும் சேர்மம் சிதையாமல் தங்கி இரத்த அழுத்தத்தை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க் கொல்லிகளைப் பாலோடு விழுங்கினால், பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உடலில் சேராமல் வெளியேறிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தொடாமல் இருந்து அடுத்த வாரம் மூன்று வேளையும் உண்பது கூடாது. அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். புதிய மாத்திரை எழுதித் தரப்படும்போது, 'இதை எந்த உணவோடு, எந்தப் பானத்தோடு எடுக்கக் கூடாது' என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து கேளுங்கள்.

உணவுப் பொருள்களுக்குள்ளேயே ஆபத்தானவை எவையும் இல்லையா?

உண்டு, ஆனால் அவை சேர்க்கையைவிடப் பக்குவத்தைப் பொறுத்தவை. ராஜ்மாவை அரைவேக்காட்டில் உண்டால் அதிலுள்ள லெக்டின் என்னும் புரதம் சில மணி நேரத்தில் கடும் வாந்தியை வரவழைக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பிறகே மெதுவாக வேகவிட வேண்டும். தொடக்கம் முதலே குறைந்த சூட்டில் வேகவைப்பதுதான் தவறு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை எதோடு சேர்த்தும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை, பச்சிளங்குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சை உண்டாக்கும். சேர்க்கையே நஞ்சாகும் அரிய எடுத்துக்காட்டாக 'மைத்தொப்பி' எனப்படும் ஒரு காளானைச் சொல்லலாம். தனியாகச் சமைத்து உண்டால் ஒன்றும் செய்யாத அது, மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கும்.

காரம் தாங்காமல் தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காதது ஏன்?

மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. தண்ணீர் அதை வாய் முழுவதும் பரப்பத்தான் செய்யும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின், காப்சைசினைப் பற்றி இழுத்துச் செல்வதால் ஒரு வாய்ப் பாலைச் சற்று நேரம் வாயில் நிறுத்தி விழுங்குவது நல்ல பலன் தரும். காரம் என்பது உண்மையில் சுவையே அல்ல. 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் நரம்பு ஏற்பி ஒன்றைக் காப்சைசின் ஏமாற்றித் திறந்துவிடுகிறது. வாய் வேகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. இந்த ஏற்பியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் நறுக்கிய கையைக் கண்ணில் வைத்துவிட்டால், முதலில் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அதன் பிறகே கண்ணை ஓடும் நீரில் கழுவ வேண்டும். அவசரத்தில் இந்த வரிசை மாறிப்போவதால்தான் பலர் இரண்டாம் முறையும் துன்பப்படுகிறார்கள்.

ஐஸ்கிரீமை வேகமாகத் தின்றால் நெற்றி விண்ணென்று தெறிப்பது ஆபத்தா?

ஆபத்தில்லை. மேலண்ணம் திடீரெனக் குளிரும்போது அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி விரிகின்றன. அந்த வலியை நெற்றியில் எழுவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்தால் விரைவில் விட்டுவிடும்.

புரையேறுவதையும் தொண்டை அடைத்துக்கொள்வதையும் எப்படிப் பிரித்தறிவது? அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

புரையேறியவருக்கு இருமல் வரும். கண் கலங்கி, முகம் சிவந்து, சத்தமாக இருமுகிறவருடைய மூச்சுக்குழாயில் காற்று போய்வருகிறது என்று பொருள். அவரை இருமவிடுங்கள், தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் புகட்டாதீர்கள். தொண்டை முழுதாக அடைத்துக்கொண்டவர் சத்தமே போட மாட்டார். என் அக்கா மகனுக்கு மூன்று வயதிருக்கும்போது, அண்ணனோடு விளையாடிக்கொண்டே ஒரு முழுத் திராட்சையை வாயில் போட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. அவ்வளவுதான் அறிகுறி. வாய் திறந்திருந்தது, கண்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, உதடு நீலம் பாயத் தொடங்கியிருந்தது. இருமலோ அழுகையோ ஒரு முனகலோ கேட்கவில்லை. அக்கா அவனைத் தன் தொடையின்மீது தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினாள். நான்காவது தட்டில் திராட்சை வெளியே வந்து, ஒரு கீறல்கூட இல்லாமல், தரையில் உருண்டது. அருகில் யாருமே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பேசவும் இருமவும் மூச்சுவிடவும் முடியாத ஒருவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். பொருள் வெளிவரவில்லையானால், அவர் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முட்டியாக மடக்கி வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெடுக்கென்று அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கும்போதே, அருகிலிருப்பவர் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வயிற்றை அழுத்தும் இந்த முறையை 1974-இல் உலகுக்கு அறிவித்தவர் ஹென்றி ஹைம்லிக். 2016-இல், தமது 96-ஆம் வயதில், தாம் வாழ்ந்த முதியோர் இல்லத்தின் உணவு மேசையில் மூச்சுத் திணறிய மூதாட்டி ஒருவரை அவர் இதே முறையால் காப்பாற்றினார். கர்ப்பிணிகளுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக மார்பின் நடுப்பகுதியில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் தலை தாழக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டும், திருப்பிப் படுக்க வைத்து மார்பெலும்பின்மீது ஐந்து அழுத்தமும் தர வேண்டும். நினைவு தப்பினால் உடனே நெஞ்சழுத்தம் தரும் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல்விட்டால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். வயிற்றை அழுத்தி மீட்கப்பட்டவர், நலமாகத் தோன்றினாலும், உள்காயம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

சிறு குழந்தைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னும் வட்டமாகவே இருந்து குழாயை அடைக்கும். ஐந்து வயதுவரை முழுக் கொட்டைகளையும் கடின மிட்டாய்களையும் தராதிருப்பது நல்லது.

தொண்டையில் மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கலாமா?

பலருக்கு அது பலித்திருக்கிறது என்பதால்தான் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் பலிக்காதபோது, மேலோட்டமாகக் குத்தி நின்ற முள் ஆழமாக இறங்கி, உணவுக்குழாயையே கிழித்துவிடக்கூடும். பலமாக இருமிப் பாருங்கள், சற்றுத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். அதன் பிறகும் ஒரே இடத்தில் குத்தல் இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். வலி கூடினாலோ, எச்சிலை விழுங்க முடியாமற்போனாலோ, இரத்தம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. முள் போன பிறகும் அது கீறிய இடம் ஓரிரு நாள் உறுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழ விதையையோ சூயிங்கத்தையோ விழுங்கிவிட்டால்?

விதை வயிற்றில் முளைக்காது. சூயிங்கம் ஏழு ஆண்டு தங்கியிருக்காது. இரண்டும் சில நாள்களில் மலத்தோடு வெளியேறிவிடும். ஆப்பிள் விதையில் சயனைடாக மாறக்கூடிய பொருள் உண்டு என்றாலும், தெரியாமல் ஓரிரு விதைகளை விழுங்கியவருக்கு ஒரு தீங்கும் வராது. ஆனால் குழந்தை பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அது உணவல்ல என்றாலும் இங்கே சொல்லியே ஆக வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தவறான ஒன்றைத் தின்றவருக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடவே கூடாது. அளவு கடந்த உப்பு இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, மூளையைப் பாதித்து, உயிரையே பறித்திருக்கிறது. எதைத் தின்றார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அந்தப் பொருளின் உறையோடு மருத்துவரை அணுகுவதே முறை.

ஒருமுறை தின்று வாந்தி எடுத்த உணவை அதன்பின் பார்த்தாலே குமட்டுவது ஏன்? அதை மீண்டும் உண்ண முடியுமா?

இது மனப்பிரமை அல்ல. 1955-இல் ஜான் கார்சியாவும் உடன் ஆய்ந்தோரும், எலிகள் இனிப்பு நீர் குடிக்கும் நேரத்தில் கதிர்வீச்சால் அவற்றுக்குக் குமட்டல் வரச் செய்தனர். பிறகு அவ்வெலிகள் அந்த இனிப்பைத் தவிர்த்தன. ஒரே ஒரு அனுபவம் போதும், உணவுக்கும் வாந்திக்கும் இடையே சில மணி நேரம் கழிந்திருந்தாலும் போதும், உடல் அந்தச் சுவையைக் குற்றவாளியாக முடிவுகட்டிவிடுகிறது. நஞ்சைத் தின்று பிழைத்த உயிர் மீண்டும் அதைத் தின்னாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. அதனால்தான், காய்ச்சலால் வாந்தி வந்தது என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும், அன்று மாலை உண்ட ஒன்றுமறியாத பண்டத்தின்மேல் வெறுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது.

குழந்தைகளிடம் இதைக் கண்டால் வற்புறுத்த வேண்டாம். வற்புறுத்தல் வெறுப்பை இன்னும் கெட்டிப்படுத்தும். சில மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, வேறு வடிவத்தில், வேறு மணத்தோடு, மிகச் சிறிய அளவில், நல்ல பசியுள்ள நேரத்தில் தொடங்கலாம். முட்டையால் வந்த வெறுப்பானால், அவித்த முட்டையை நேரே நீட்டாமல், முட்டை சேர்த்த கேக்கில் ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள்.